இன்றைய மாத்திரையும் நாளைய மாத்திரையும்

கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதுவது ஒரே வரிதான்: தினம் இரண்டு வேளை, ஏழு நாள். வீட்டுக்கு வந்ததும் அது பதினான்கு வேளையாக விரிகிறது. முதல் வேளை பெரும்பாலும் சுலபமாக முடிந்துவிடும். என்ன நடக்கப்போகிறது என்று பூனைக்குத் தெரியாது. நாயும் இறைச்சித் துண்டோடு சேர்த்து மாத்திரையை விழுங்கிவிடும். இரண்டு மூன்று வேளை போன பிறகுதான் நிலவரம் மாறும். மாத்திரை அட்டையைப் பிதுக்கும் சத்தம் கேட்டதுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாய் இறைச்சியைத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் ஈரத்தோடு தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கும்.

எத்தனையோ சிகிச்சைகள் தோற்பது இந்த இடத்தில்தான். மருந்து சரி, அளவும் சரி. ஆனால் பாதி வேளைகள் வயிற்றுக்குள் போய்ச் சேரவே இல்லை. மருந்து கேட்கவில்லை என்று மருத்துவரிடம் திரும்பிப் போகிறோம். அவர் இன்னும் வீரியமான ஒன்றுக்கு மாற்றுகிறார். முந்தைய மருந்து உண்மையில் உள்ளே போனதா என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்பாமலே விட்டுவிடுகிறோம்.

வீட்டில் மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்: ஒவ்வொரு வேளையும் அடுத்த வேளையைத் தீர்மானிக்கிறது. இன்று நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து ஒரு மாத்திரையைத் திணித்துவிடலாம். நாளைக் காலையில் அந்த விலங்கு நம் கையைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்பதைக் கொண்டுதான் அந்த வேளை சரியாகக் கொடுக்கப்பட்டதா என்று சொல்ல முடியும்.

சாப்பாட்டில் கலந்தால் என்ன?

நாம் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். தட்டில் வழக்கமான சாப்பாடு, அதற்குள் பொடித்த மாத்திரை. சில நாய்களிடம் இது எப்போதும் பலிக்கும். மற்ற விலங்குகளிடம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கான விடை 1955இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, அதோடு குமட்டலை உண்டாக்கும் காமா கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினார்கள். அதற்கு முன்பு ஆசையாகக் குடித்த அதே தண்ணீரை எலிகள் பிறகு ஒதுக்கிவிட்டன. வாய்க்குள் போன சுவைக்கும் பிறகு வந்த குமட்டலுக்கும் விலங்கின் மூளை ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் ஒரே அனுபவத்திலேயே அந்த முடிச்சு விழுந்துவிடலாம் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. காட்டில் விஷச் செடியைத் தின்று பிழைத்த விலங்கு மறுபடி அதைத் தொடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

இதை நம் வீட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நோய்ப்பட்ட பூனைக்கு ஏற்கெனவே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும். அதன் தினசரி உணவில் கசப்பு மருந்தைக் கலக்கிறோம். கசப்பும் குமட்டலும் அந்த உணவின் மேல் போய் உட்காருகின்றன. அடுத்த நாள் மருந்தே கலக்காமல் வைத்தாலும் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சிறுநீரக நோய்க்கென்று கொடுக்கும் தனி உணவில் இப்படி நேர்ந்தால் பெரிய இழப்பு, ஏனென்றால் அங்கே உணவே சிகிச்சையின் பாதி. அதைவிட ஆபத்தானது, பூனை சாப்பிடுவதையே நிறுத்திவிடுவது. சில நாள்கள் பட்டினி கிடந்தாலே பூனையின் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்த் தேங்கும். பருத்த உடலுள்ள பூனைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும், உயிரையே எடுத்துவிடலாம். நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்து பட்டினி போடும் மருந்தாகிவிடக் கூடாது.

ஆகவே வழக்கமான சாப்பாட்டை மருந்துக்குப் பலி கொடுக்காதீர்கள். மருந்துக்கென்று தனியாக, ஒரே வாயில் முடிகிற அளவுக்கு, விலங்கு மிக விரும்பும் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பதம் இருந்தால் நல்லது. அது கெட்டுப்போனாலும் சாப்பாட்டுத் தட்டு தப்பிக்கும்.

நாயிடம் ஒரு வழி நன்றாகவே பலிக்கும். ஒரே அளவில் மூன்று சின்ன உருண்டைகள் செய்யுங்கள். மாத்திரை நடு உருண்டைக்குள் மட்டும். முதல் உருண்டையைக் கொடுங்கள். வெறும் உருண்டை என்று நாய்க்குத் தெரியட்டும். இரண்டாவதைக் கொடுக்கும்போதே மூன்றாவது அதன் மூக்குக்கு முன்னால் தெரிய வேண்டும். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் நாய் மெல்லாமல் விழுங்கும். பலரும் கோட்டை விடுவது மூன்றாவது உருண்டையில்தான். மாத்திரைதான் போய்விட்டதே என்று அதைக் கொடுக்காமல் விடுகிறார்கள். இரண்டாவது உருண்டையோடு விருந்து முடிந்துபோகும் என்று நாய் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும், பிறகு அந்த இரண்டாவதை நிதானமாக மெல்ல ஆரம்பித்துவிடும். மாத்திரையைத் தொட்ட விரலால் மற்ற உருண்டைகளைப் பிடிக்காமல் இருப்பதும் முக்கியம். நாயின் மூக்குக்கு அந்த வாசனை போதும்.

எதற்குள் ஒளித்து வைக்கிறோம் என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பாலாடைக்கட்டி பல நாய்களுக்கு உயிர். ஆனால் டாக்சிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் என்ரோஃபுளோக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் பாலிலுள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து குடலில் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்க்குக் கடும் நஞ்சு. அது நாயின் உடலில் இன்சுலினைச் சட்டென்று சுரக்க வைத்து ரத்தச் சர்க்கரையைப் படுபாதாளத்துக்கு இறக்கிவிடும். அளவு கூடினால் கல்லீரலும் போய்விடும். மனிதர்களுக்கான சில சிரப்புகளிலும் சைலிட்டால் இருக்கிறது. நரம்பு வலிக்கான கேபபென்டின் சிரப் ஓர் உதாரணம்.

இனிப்பு பூனைக்குப் பயன்படாது

குழந்தைகள் மருந்தில் கசப்பை மறைக்க இனிப்பும் பழ வாசனையும் சேர்ப்பார்கள். அதே தந்திரம் பூனையிடம் பலிக்காமல் போவதற்குக் காரணம் மரபணுவில் இருக்கிறது. இனிப்பை உணரத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று அமெரிக்காவின் மோனல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2005இல் கண்டறிந்தார்கள். வீட்டுப் பூனை முதல் புலி வரை இதே கதை. பூனைக்கு இனிப்பே தெரியாது, கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். இனிப்பான சிரப்பைக் கொடுத்தால் அதில் எஞ்சியிருக்கும் கசப்பைத்தான் அது ருசிக்கிறது. மீன், கோழி வாசனையில் மருந்தைத் தயாரித்துத் தரும் இடங்கள் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். முயலுக்கு நேரெதிர்; பழச்சுவை சிரப்பை அது விரும்பியே நக்கும்.

கசப்பு நாக்கில் பட்ட பூனை நுரை நுரையாக எச்சில் வடிக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை உடைந்து வாயில் பட்டால் சாதாரணமாகவே இப்படி நடக்கும். பார்ப்பவர்களுக்கு ஏதோ விஷம் ஏறிவிட்டது போல இருக்கும். பெரும்பாலும் அது சுவைக்கான எதிர்வினைதான், சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் நுரையோடு நடுக்கமோ மூச்சுத்திணறலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

இதனால்தான் கசப்பு மாத்திரையைப் பொடிப்பதைவிட முழுதாக விழுங்க வைப்பது நல்லது என்கிறேன். பொடித்தால் கசப்பு எல்லாப் பக்கமும் பரவும். தவிரவும் சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்டவை, மெதுவாக மருந்தை விடும்படி செய்யப்பட்டவை எல்லாம் உடைத்தால் குணம் மாறிவிடும். புற்றுநோய் மருந்துகளின் தூள் நம் கைக்கும் மூச்சுக்குமே கெடுதல். கர்ப்பிணிகள் அவற்றைத் தொடாமல் இருப்பது நலம்.

பூனைக்கு மாத்திரை கொடுக்கும் அரை நிமிடம்

பூனையை மடியிலோ மேசையிலோ உட்கார வைக்கும்போது அதன் முகம் நம்மைப் பார்த்து இருக்கக் கூடாது. நம் வயிற்றில் அதன் முதுகு படும்படி, இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல இருக்க வேண்டும். பின்னால் போக வழியில்லை என்றாலே பாதித் திமிறல் குறைந்துவிடும். நகம் பயமாக இருந்தால் கழுத்து வரை துண்டால் சுற்றிக்கொள்ளலாம். இறுக்காமல், ஆனால் கால் வெளியே வராமல். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவதைப் பூனை மருத்துவர்கள் இப்போது ஒப்புவதில்லை. அது பூனையை அமைதிப்படுத்துவதில்லை, பயத்தில் உறைய வைக்கிறது.

ஒரு கையை மேலிருந்து தலைமேல் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கன்ன எலும்புகளிலும் படும்படி பிடியுங்கள். மூக்கு மேல்நோக்கிப் போகும்படி தலையை லேசாகச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகவே கொஞ்சம் தளரும். மறுகையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாத்திரை. அதே கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தினால் வாய் திறக்கும். மாத்திரை விழவேண்டிய இடம் நாக்கின் பின்பகுதி, அதுவும் நடுக்கோட்டில். ஓரத்தில் விழுந்தால் பல்லில் சிக்கும், முன்னால் விழுந்தால் நாக்கு வெளியே தள்ளிவிடும். உடனே வாயை மூடவிட்டு, தலையை இயல்பான நிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவுங்கள்.

இப்போது மூக்கைக் கவனியுங்கள். பூனை நாக்கை நீட்டி மூக்கு நுனியை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பூனை அதைச் செய்யும் வரை நான் கையை எடுப்பதில்லை. சில பூனைகள் அடக்கமாக நடந்து போய், அறை மூலையில் மாத்திரையைக் கக்கிவிட்டு வரும். மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு போகும் பூனைகளும் உண்டு. மாத்திரையின் மேல் துளி வெண்ணெய் தடவினால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தோடு வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள், இன்னும் ஒரு படி பாக்கியிருக்கிறது. தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே பல நிமிடங்கள் நின்றுவிடும். வயிற்றுக்குள் போகாமல் நடுவழியில் கரைய ஆரம்பித்தால், டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் போன்றவை உணவுக்குழாயின் உள்சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாய் குறுகிவிடும். அதற்குப் பிறகு பூனையால் திட உணவையே விழுங்க முடியாமல் போவதுண்டு. இதைத் தவிர்க்கச் செய்யவேண்டியது மிக எளிது. மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 அல்லது 6 மி.லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உணவோடு சேரக்கூடிய மருந்தாக இருந்தால் ஒரு வாய் ஈர உணவு போதும். இந்த ஒரு விஷயம் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

சிரப் கொடுக்கும்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுவது போல விலங்குக்கு ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரலாம். கோரைப்பல்லுக்குப் பின்னால் பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கும். சிரிஞ்சின் முனையை அதன் வழியே கன்னத்துக்குள் நுழைத்து, அரை மி.லி., ஒரு மி.லி. என்று விட்டு விட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அது விழுங்கட்டும். இருமினால் பிடியை விட்டுவிடுங்கள். மீதியைப் பத்து நிமிடம் கழித்துக் கொடுத்துக்கொள்ளலாம். மலச்சிக்கலுக்கென்று எண்ணெயை வாயில் ஊற்றும் வேலையே வேண்டாம். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் வழிந்துவிடும்.

நம் மருந்துப் பெட்டி அவற்றுக்கானதல்ல

கொடுக்கும் முறையைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதைக் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. நள்ளிரவில் காய்ச்சலோடு முனகும் பூனையைப் பார்த்து, குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று பாரசிட்டமாலைக் கால் மாத்திரை கொடுப்பவர்கள் அன்பினால்தான் அதைச் செய்கிறார்கள். அந்த அன்பே பூனையைக் கொன்றுவிடுகிறது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. பாரசிட்டமாலை உடல் வெளியேற்ற ஒரு வழி, அதோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்து நீரில் கரையும்படி மாற்றுவது. அதைச் செய்யும் நொதி மனிதர்களிடமும் நாய்களிடமும் இருக்கிறது, பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. வேறு வழி இல்லாததால் மருந்து நச்சுப்பொருளாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத வடிவுக்கு மாறிவிடுகிறது. ஈறுகள் சிவப்பிழந்து பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரை போதும். சீக்கிரம் கொண்டுபோனால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. அதனால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டோம் என்பதை மருத்துவரிடம் தயங்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் போவது நேரம். நாய்க்குச் சில சமயம் மருத்துவரே எடையைக் கணக்கிட்டுப் பாரசிட்டமால் கொடுப்பதுண்டு. பூனைக்கு எந்த அளவிலும் கிடையாது.

இதே குறைபாடுதான் ஆஸ்பிரினிலும். நாயின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். பூனைக்கு ஒன்றரை நாளுக்கு மேல். தினமும் கொடுத்தால் முந்தைய நாளின் மருந்து போவதற்குள் அடுத்தது சேர்ந்துகொண்டே போகும். நாம் வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் நாய், பூனை இரண்டுக்குமே இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பாதுகாப்பானது. அதே மருந்து பூனைமேல் பட்டால் நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகலாம். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும் பூனைக்கும் அந்த ஆபத்து உண்டு.

நாய்களுக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல. கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஏன் நஞ்சாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரினா மீலியின் குழு 2001இல் அதை அவிழ்த்தது. மூளைக்குள் நுழையும் மருந்துகளை வெளியே இறைத்துவிடும் ஒரு புரதம் உண்டு. அதை உருவாக்கும் எம்டிஆர்1 மரபணு இந்த நாய்களில் பழுது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லண்ட் ஷீப்டாக் போன்ற மந்தை காக்கும் இனங்களிலும் இது இருக்கிறது. இதயப் புழு தடுப்புக்கான மிகச் சிறிய அளவு இவற்றுக்கும் பிரச்சினையில்லை. சொறிக்கென்று கொடுக்கும் பெரிய அளவும், மாடு குதிரைக்கான ஐவர்மெக்டினை வாங்கிக் கண்ணளவில் பிரித்துக் கொடுப்பதும்தான் மயக்கத்திலும் கோமாவிலும் கொண்டுபோய் விடும். வயிற்றுப்போக்குக்கு நாம் சாதாரணமாகப் போடும் லோபரமைடு மாத்திரையும் இந்த நாய்களின் மூளைக்குள் போய்விடும்.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு பாக்டீரியாக்கள் பெருகி, சில நாள்களில் உயிர் போய்விடும். நாய்க்கு மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை முயலுக்குக் கொடுத்துப் பார்ப்பது விபரீதம். உண்ணிக்கான ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது. கிளி போன்ற பறவைகளுக்குக் குடிநீரில் மருந்து கலப்பது வசதியாகத் தெரியும், ஆனால் சுவை மாறியதும் பறவை தண்ணீரையே குறைத்துவிடும். எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும்

நாலு கிலோ பூனைக்கு அளவில் நேரும் சின்னப் பிசகும் பெரிது. பெரும்பாலான பிசகுகள் மில்லிகிராமை மில்லிலிட்டராக நினைப்பதில் வருகின்றன. மி.கி. என்பது மருந்தின் எடை, மி.லி. என்பது திரவத்தின் அளவு. ஒரு மி.லி. திரவத்தில் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடும். வலிக்குக் கொடுக்கும் மெலோக்ஸிகாம் சிரப் நாய்க்கு ஒரு மி.லி.க்கு 1.5 மி.கி. என்றும், பூனைக்கு 0.5 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. இரண்டு பாட்டில்களும் ஒரே அலமாரியில் இருந்து, பூனைக்கு நாயின் பாட்டிலிலிருந்து எடுத்தால் மும்மடங்கு போய்விடும். பூனையின் சிறுநீரகம் அதைத் தாங்காது. வீட்டில் இரண்டும் இருந்தால் பாட்டில்களை வெவ்வேறு இடத்தில் வையுங்கள். அந்தந்த மருந்தோடு வரும் சிரிஞ்சை அந்தந்த மருந்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள், அதன் கோடுகள் அந்த வீரியத்துக்கென்று போடப்பட்டவை.

இன்சுலினில் இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும். விலங்குகளுக்கான இன்சுலின்கள் பல யு-40, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட். மனிதர்களுக்கானவை பெரும்பாலும் யு-100. இரண்டுக்கும் சிரிஞ்ச் தனி. யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 25 யூனிட். யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் வெறும் 4. சிரிஞ்ச் வாங்கும் ஒவ்வொரு முறையும் உறையைப் படித்துப் பாருங்கள். விலங்கு சாப்பிடாத வேளையில் ஊசி போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசி குத்தும்போது அது துள்ளிவிட்டது, மருந்து உள்ளே போனதா ரோமத்தில் சிந்தியதா தெரியவில்லை என்றால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை குறைவது சமாளிக்கக் கூடியது, இரட்டிப்பாவது அப்படியில்லை. இன்சுலின் கூடி ரத்தச் சர்க்கரை இறங்கி விலங்கு தள்ளாடினால், சோர்ந்து சரிந்தால், தேனோ சர்க்கரைப் பாகோ எடுத்து ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒரு வேளை தவறிப்போனால் மற்ற மருந்துகளிலும் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தால் உடனே இன்னொன்று கொடுக்காமல் தொலைபேசியில் கேளுங்கள். மாத்திரை வாந்தியில் முழுதாகக் கிடந்ததா என்பதையும் சொல்லுங்கள். வலிப்புக்கான பினோபார்பிட்டாலையும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனையும் குணமாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதலாவதை நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். இரண்டாவது, உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனை ஓய்வில் வைத்திருக்கும். அது மறுபடி வேலைக்கு வர அவகாசம் வேண்டும் என்பதால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

நாய்களுக்கென்று இறைச்சிச் சுவையில் வரும் மெல்லும் மாத்திரைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். மூடியோடு பாட்டிலைக் கடித்துத் திறந்து அவ்வளவையும் தின்றுவிடும் நாய்கள் இருக்கின்றன.

காது, கண், தோல்

நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. மேலே விட்ட சொட்டு அந்தத் திருப்பத்தைத் தாண்ட வேண்டும். அதனால் சொட்டு விட்டதும் காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். சளசளவென்று சத்தம் கேட்டால் மருந்து போகிறது. பிறகு நாய் தலையை உதறட்டும், அதைத் தடுக்க வேண்டியதில்லை. போன முறை மிச்சமான சொட்டு மருந்தை இந்த முறை தாங்களாகவே விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் செவிட்டிலும் தலை சாய்ந்து தள்ளாடுவதிலும் கொண்டுபோய் விடும். செவிப்பறை எப்படி இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கண்ணிலும் மிச்ச மருந்து வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, கருவிழியில் புண் இருக்கும் கண்ணில் பட்டால் புண்ணை ஆழமாக்கிவிடும். இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள், களிம்பு கடைசியில்.

தோலில் பூசும் எதையும் விலங்கு நக்கும் என்று வைத்துக்கொண்டே பூசுங்கள். நாம் நம் தோலில் பூசிக்கொள்வதும் இதில் சேரும். தோல் புற்றுக்கான 5-ஃபுளூரோயுரசில் களிம்பும் சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பும் நாய்களைக் கொல்லக் கூடியவை. குழாயைக் கடித்தாலோ நம் கையை நக்கினாலோ போதும்.

நலமாக இருக்கும் நாள்களில்

நோய் வந்த பிறகு பழக்குவது கடினம். வலியும் பயமும் சேர்ந்து இருக்கும் நாளில் எந்த விலங்கும் புதிதாக ஒன்றை நல்லவிதமாகக் கற்காது. அதனால் குட்டியாக இருக்கும்போதே, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாள்களிலேயே சிரிஞ்சை அறிமுகம் செய்யுங்கள். அதன் முனையில் பிடித்த உணவின் பசையைத் தடவி நக்க விடுங்கள். பிறகு சிரிஞ்சுக்குள் கொஞ்சம் இறைச்சிச் சாறு. உதட்டை ஒரு விநாடி தூக்கிவிட்டு ஒரு துண்டு கொடுங்கள். மற்றொரு நாள் வாயை லேசாகத் திறந்துவிட்டு ஒரு துண்டு. காதைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது எல்லாம் இதே கணக்கில் வரும். வரிசை மாறக் கூடாது. தொடுதல் முதலில், உணவு பிறகு. உணவைக் காட்டி இழுத்துவந்து பிறகு வாயைப் பிடித்தால், உணவைக் காட்டுவதே எச்சரிக்கையாகிவிடும்.

மருந்து நேரத்தில் விலங்கைத் தேடிப் பிடித்து, ஒளிந்த இடத்திலிருந்து இழுத்துவராதீர்கள். அது ஒளியும் இடம் பாதுகாப்பான இடமாகவே இருக்கட்டும். மருந்துக்கென்று வீட்டில் ஓர் இடம், முடிந்ததும் கிடைக்கும் ஒரு நல்ல சாப்பாடு, உடனே விடுதலை. ஒரே ஆளே எப்போதும் மருந்து கொடுத்தால் அந்த ஆளைக் கண்டாலே ஓடும் நிலை வரலாம். வீட்டில் வேறு யாராவது இருந்தால் மாறி மாறிச் செய்யலாம். பூனை காதை மடக்கி உறுமத் தொடங்கிவிட்டால் அந்த முயற்சியை நிறுத்திவிட்டு, பெரும்பாலான மருந்துகளில் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செய்யலாம். பூனைக்கடி ஆழமாக இறங்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும். கடிபட்டால் கழுவிவிட்டு நாமும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முடியவில்லை என்றால் சொல்லுங்கள்

மருந்தை ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சொல்லப் பலருக்கும் கூச்சம். வளர்க்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். ஆனால் அந்தத் தகவல் ரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே அவருக்குத் தேவையானது. எத்தனை வேளை முழுதாகப் போயிற்று, எத்தனை வேளை துப்பியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் அவர் எடுக்கும் அடுத்த முடிவு இருட்டில் எடுப்பதுதான்.

மாற்று வழிகள் நிறைய இருக்கின்றன. மாத்திரைக்குப் பதில் சிரப்பாகவோ, மூன்று வேளைக்குப் பதில் ஒரு வேளையாகவோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனைகளுக்கு மெதிமசோல் மருந்தைக் களிம்பாகக் காது மடலின் உட்புறம் தடவலாம்; கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு காதுகளிலும் மாறி மாறி. உடல் எடை குறையும் பூனைகளுக்கென மிர்டசபின் களிம்புக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது, அதையும் காதில்தான் தடவுகிறார்கள். எல்லா மருந்தும் தோல் வழியாக ரத்தத்தில் சேராது. குறிப்பாக ஆன்டிபயாட்டிக்குகளை இப்படிக் கொடுத்துப் பயனில்லை. அங்கே செஃபோவெசின் என்ற ஊசி உதவும். தோலுக்கடியில் ஒரு முறை போட்டால் இரண்டு வாரம் வரை வேலை செய்யும், பதினான்கு வேளைப் போராட்டம் ஒரு ஊசியில் முடிந்துவிடும். ஆனால் போட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வாமை வந்தால் மருந்து உடலில் வாரக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும், தவிரவும் எல்லாத் தொற்றுக்கும் அது கேட்காது. பென்சிலின் வகையோ செஃபலோஸ்போரின் வகையோ முன்பு ஒத்துக்கொள்ளாத விலங்கு என்றால், ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.